தகப்பன் சக்கரம் மகன் கைக்கு வர வேண்டுமா?



இந்த வாரம் உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறோம். பிள்ளைகள் உள்ள எந்த வீடும் இதற்கு ஒருநாள் பதில் சொல்லியே தீர வேண்டும். தகப்பன் செய்த தொழிலை மகன் தொடர வேண்டும் என்பது தர்மமா? அப்படிக் கேட்கத் தகப்பனுக்கு உரிமை உண்டா? மகன் மறுத்துவிட்டால் அது நன்றிகெட்டதனம் ஆகுமா?

கேள்வி எல்லாருக்கும் பொதுவானதுதான். ஆனாலும் அதைக் குயவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசிப்பதே நல்லது. ஏனெனில் அந்த வீட்டில் தொழில் பிறப்போடு வருகிறது. ஏட்டில் எழுதப்படாமல் கையிலிருந்து கைக்குப் போகிறது. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் அறுந்துபோகிறது. ஆகையால் கேள்வி அங்கே கூர்மையாக நிற்கிறது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏரிக்கரை ஊர் ஒன்றில் இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பனுக்கு அறுபது வயது. அவர் அப்பாவும் தாத்தாவும் சுற்றிய சக்கரத்தையே அவரும் சுற்றுகிறார். மகன் ஐ.டி.ஐ. படித்தவன். சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மாதச் சம்பளம், பஸ் வசதி, கேன்டீன் சாப்பாடு எல்லாம் உண்டு. தகப்பன் வேண்டாமென்று சொல்லவில்லை. "எனக்குப் பிறகு இந்தச் சூளையை யாரப்பா மூட்டுவார்கள்?" என்று மட்டும் கேட்கிறார். மகன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்கிறான். இருவரில் யார் பக்கம் நியாயம்?

தெருவில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "குலத்தொழிலைக் கைவிடுகிறவன் உருப்பட மாட்டான்" என்பார் ஒருவர். "குலத்தொழில் என்பதே கால்விலங்கு, உதறிவிட்டு ஓடு" என்பார் மற்றொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அவசரப் பதில்கள்.

கையில் இருக்கும் அறிவு

முதலில், அந்தச் சக்கரத்தோடு எது போய்விடும் என்று பாருங்கள். "மண்ணைப் பிசைவதில் என்ன பெரிய வித்தை?" என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஏரி மண் எல்லாம் பானைக்கு ஆகாது. களியும் வண்டலும் மணலும் எந்த அளவில் சேர்ந்தால் பானை வெடிக்காது என்பதைக் குயவர் விரல் நுனியால் அறிகிறார். கல்லைப் பொறுக்கி, மண்ணை ஊறவைத்து, காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார். சக்கரத்தில் எழும்பும் பானை முடிந்த பானை அல்ல. அதன் அடிப்பாகம் பிறகு உருவாகிறது. உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி, அடியை மூடிச் சுவரை மெல்லிதாக்குகிறார். எவ்வளவு பலமாகத் தட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதைச் சத்தத்தைக் கேட்டே தெரிந்துகொள்கிறார். நிழலில் உலர்த்துவதற்கு ஒரு கணக்கு, வெயிலில் வைப்பதற்கு ஒரு கணக்கு. சூளையில் பானைகளை அடுக்கி, விறகும் வரட்டியும் வைக்கோலும் இட்டு, மேலே சேற்றைப் பூசி, தீயை முதலில் மெல்லவும் பிறகு வேகமாகவும் எரிய விடுவதற்கு இன்னொரு கணக்கு. ஈரம் போகாத பானை ஒன்று உள்ளே இருந்தால் அது வெடித்துப் பக்கத்துப் பானைகளையும் கெடுக்கும்.

இந்த அறிவைப் புத்தகத்தில் முழுவதும் எழுதிவிட முடியாது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து, கெடுத்து, திட்டு வாங்கி, மறுபடி செய்து, பல வருஷங்களில் பெற்றுக்கொள்ளும் அறிவு இது. தகப்பனின் பெருமூச்சை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. அவர் கையோடு ஒரு கல்விச்சாலையே மண்ணுக்குள் போகப்போகிறது.

மகன் பக்கத்தையும் பாருங்கள். மழைக்காலம் வந்தால் சூளை எரியாது, பானை உலராது, அடுப்பும் எரியாது. அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு பானை வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, கோடைக்குத் தண்ணீர்ப் பானை என்று வருஷத்தில் சில வாரங்களே வியாபாரம். மண் எடுக்க அனுமதி கேட்டு அலைந்த கதை தனிக் கதை. 2024ல்தான் ஏரி, குளங்களில் மண்பாண்டத்துக்கு மண் எடுக்கும் அனுமதியைத் தாலுகா அளவில் தாசில்தாரே தரலாம் என்று தமிழக அரசு எளிதாக்கியது. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முள் உண்டு. "குயவன் மகன்தானே" என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சிரித்தது அந்தப் பிள்ளையின் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் தொழில் தனியாக வருவதில்லை. சாதியையும் தோளில் சுமந்துகொண்டு வருகிறது.

இதனால்தான் நம் மாநிலத்தில் இந்தக் கேள்வி ஒருமுறை பெரும் போராட்டமாகவே வெடித்தது. 1953ல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் படிப்பது, மீதி அரைநாள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்வது என்பது அதன் சாரம். பள்ளியில் இடமும் ஆசிரியரும் போதவில்லை, கைத்தொழிலுக்கும் மதிப்பு வர வேண்டும் என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். குயவன் பிள்ளை குயவனாகவும் வண்ணான் பிள்ளை வண்ணானாகவும் என்றைக்கும் கிடப்பதற்கான சூழ்ச்சி என்று பெரியாரும் பிறரும் எதிர்த்தார்கள். 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. 1954ல் இராஜாஜி விலகிக் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழிலை மதிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. ஆனால் பிள்ளையைக் கேளாமல், பிறப்பை மட்டும் பார்த்து, அந்தத் தொழிலை அவன் தலையில் கட்டுவதை மக்கள் மனச்சாட்சி ஏற்கவில்லை.

உப்பும் நெருப்பும்

பரம்பரைத் தொழில் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் ரைன் நதிக்கரைக் குயவர்களின் கதையைச் சற்றுக் கேளுங்கள். நம் கேள்விக்கு அது வெளிச்சம் தரும்.

உங்கள் பாட்டி வீட்டில் ஊறுகாய் போட்டுவைத்த கனத்த ஜாடி நினைவிருக்கிறதா? அது நம் ஊர்ப் பானையைப் போல் தண்ணீரைக் கசியவிடாது. புளிப்பும் உப்பும் அதை அரிக்காது. கல் போல் இறுகிய மண் அது. இவ்வகை ஜாடிகளுக்கு மெருகு ஏற்றும் வழிகளில் மிகப் பழமையான ஒன்று, வெறும் சமையல் உப்பைக் கொண்டு செய்வது. ரைன் நதிக்கரையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழில் நடந்துவருகிறது.

எப்படி என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சாதாரணமாக மெருகு என்பது பாண்டத்தின்மேல் பூசுகிற பூச்சு. உப்பு மெருகில் பூச்சே கிடையாது. பாண்டத்தைச் சூளையில் அடுக்கி, விறகுத் தீயை மணிக்கணக்காக ஏற்றிக்கொண்டே போகிறார்கள். வெப்பம் 1,200 டிகிரியையும் தாண்டி, பாண்டம் வெண்சிவப்பாகக் கனன்று நிற்கும் நேரத்தில், சூளையின் துவாரங்கள் வழியாக உப்பை அள்ளிப் போடுகிறார்கள். உப்பு வெடித்து ஆவியாகிச் சூளை முழுவதும் பரவுகிறது. அதிலுள்ள சோடியம், களிமண்ணிலேயே இருக்கும் மணற்சத்தோடு கூடிக் கண்ணாடியாக உருகிப் படிகிறது. ஆறின பிறகு பார்த்தால் பாண்டத்தின் மேல் ஆரஞ்சுப் பழத்தோல் போலச் சின்னச் சின்னக் குழிகளோடு ஒரு மினுமினுப்பு. மெருகு போதுமா என்று பார்க்க, சிறு மண்வளையங்களை முன்பே உள்ளே வைத்து, கம்பியால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்ப்பதும் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. உப்பும் மண்ணும் இரண்டும் நெருப்பில் இருந்தால்தான் இந்தக் கலப்பு நடக்கும். நம் நாட்டுச் சூளை பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி வரைதான் எட்டும். அந்தச் சூட்டில் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் மெருகு ஏறாது. குளிர்ந்த பானைமேல் கொட்டினால் உப்பு உப்பாகவே கிடக்கும், ஈரம் பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். தகப்பன் மகனுக்குக் கொடுக்கிற பரம்பரையும் இப்படித்தான். மகன் உள்ளத்தில் அந்தத் தொழிலின்மேல் ஒரு கனல் இருந்தால், கொடுத்தது அவனோடு ஒன்றாகி அவனுடையதாகவே ஆகிவிடும். கனல் இல்லாதவன்மேல் கட்டளையாகக் கொட்டினால் அது ஒட்டாது. ஒட்டினது போல் சில வருஷம் தெரிந்தாலும் முதல் மழையில் கரைந்துபோகும்.

அந்த நாட்டில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தாடிக்கார முகம் ஒன்றைக் கழுத்தில் பதித்த உப்பு மெருகுச் சாடிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. கொலோன், ஃப்ரெஹென் ஊர்களிலிருந்து அவை கப்பலேறி உலகமெங்கும் போயின. திருச்சபையின் வேதபாரகர்களில் ஒருவரான அர்ச். ராபர்ட் பெல்லார்மின் (1542–1621) கர்தினாலாக இருந்து சத்தியவேதத்துக்காக வாதாடினவர். அவரைப் பிடிக்காத எதிராளிகள் அவரை ஏளனம் செய்யவே இந்தச் சாடிகளுக்கு 'பெல்லார்மின்' என்று பெயரிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. உண்மையில் அர்ச்சியசிஷ்டவர் பெயர் பெறுவதற்கு முன்பே அந்தச் சாடிகள் இருந்தன. 1930ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தியது. ஏளனம் செய்தவர்கள் யாரென்று இன்று யாருக்கும் நினைவில்லை. ஒரு மனிதரை இழிவுபடுத்தப் பானையைக் கருவியாக்குவது அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் நடந்தது, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிறது. இரண்டு இடத்திலும் பானை ஒரு குற்றமும் செய்யவில்லை.

பூட்டின கதவு

ரைன் நதிக்கரைக் குயவர்கள் தங்கள் தொழிலைப் பொக்கிஷம் போலக் காத்தார்கள். தொழிலாளர் சங்கங்கள் அமைத்து, இரகசியம் வெளியே போகாதபடி, மேஸ்திரிகளின் மகன்களுக்கு மட்டுமே கற்றுக்கொடுக்கலாம் என்று விதி செய்த ஊர்களும் இருந்தன. சாதி என்ற சொல் இல்லையே தவிர, வழக்கம் நமக்குப் பழகியதுதான்.

அந்த விதி தொழிலைக் காத்ததா? சீக்பூர்க் என்ற ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. 17ஆம் நூற்றாண்டில் முப்பது ஆண்டு யுத்தம் வந்தது, ஊர் நொடித்தது, தொழிலும் நொடித்தது. அதற்கு முன்பே சில குடும்பங்கள் வெளியேறி வெஸ்டர்வால்ட் மலைப் பக்கம் குடியேறியிருந்தன. தொழில் அங்கே செழித்தது. அங்கிருந்து சில குடும்பங்கள் 18ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆல்சாஸ் நாட்டில் பெட்ஷ்டார்ஃப் என்ற ஊருக்குப் போயின. சாம்பல் நிறச் சாடியில் நீலக் கோலம் போட்ட அவர்களுடைய பாண்டங்களைச் சில குடும்பங்கள் இன்றும் அங்கே செய்துவருகின்றன. இங்கிலாந்திலோ இரகசியம் இரத்த சம்பந்தமில்லாத ஒருவர் கைக்கே வந்தது. மேற்றிராணியாரிடம் எழுத்தராக இருந்த ஜான் டுவைட் என்பவர், தாமே சோதித்துச் சோதித்துக் கண்டுபிடித்து, 1672ல் அரசாங்க உரிமை பெற்று, லண்டனை அடுத்த ஃபுல்ஹாமில் இத்தகைய பாண்டங்களைச் செய்யத் தொடங்கினார். இன்று வெஸ்டர்வால்டில் பீங்கான் தொழிலுக்கென்று பள்ளி இருக்கிறது. யார் மகன் என்று அங்கே கேட்பதில்லை. தொழில் பிழைத்திருப்பது பூட்டினால் அல்ல, கதவு திறந்ததால்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. 1971ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கத் தம்பதியர் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ்' என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அம்மையார் ஜப்பான் நாட்டுக் குயவரிடம் தொழில் பழகியவர். கடற்கரையில் விளையும் சவுக்குக் கட்டையை எரித்து, கல் போல் இறுகும் பாண்டங்களை அங்கே சுட்டார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்து வாலிபர்கள் அங்கே வேலை பழகினார்கள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். அங்கே பழகியவர்கள் புதுச்சேரி, ஆரோவில் பக்கங்களில் தங்கள் தங்கள் பட்டறைகளை வைத்தார்கள். ஒரே தலைமுறைக் காலத்தில், தாத்தா சக்கரம் சுற்றாத பிள்ளைகள் கையில் ஒரு புதிய பரம்பரை பிறந்துவிட்டது.

பழைய பரம்பரையும் தோற்றுவிடவில்லை. வில்லியனூர் லூர்து மாதா கோவிலுக்கு யாத்திரை போகிறவர்கள் நம்மில் பலர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் ரயில் பாதையில் உள்ள அதே வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்த வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர் தம் குடும்பத்துக்கு வெளியே பலருக்கும் இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்பு மெருகுச் சூளையிலிருந்து எழும் புகையில் கொடிய அமிலம் இருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்கு அது ஆகாது. ஆகையால் இக்காலத்துக் குயவர்கள் பலர் உப்புக்குப் பதிலாகச் சோடாவைப் பயன்படுத்துகிறார்கள். மெருகு ஏறும் விதம் ஏறக்குறைய அதேதான். முன்னோர் செய்ததை அப்படியே செய்வதுதான் மரபு என்றிருந்தால் இந்த மாற்றம் துரோகமாகியிருக்கும். அயலாருக்குத் தீங்கு செய்யாதபடி வழியை மாற்றிக்கொண்ட மரபே மனச்சாட்சியுள்ள மரபு.

நாசரேத்தூர்ப் பட்டறையும் கலிலேயாக் கடற்கரையும்

இப்போது வேதாகமத்தைத் திறப்போம். நம் ஆண்டவர் தச்சன் மகன் என்று மட்டுமல்ல, தச்சன் என்றும் ஊராரால் அழைக்கப்பட்டவர். அர்ச். சூசையப்பர் பட்டறையில் அவர் தொழில் பழகினார். பிறப்பால் வந்த கைத்தொழிலைச் சர்வேசுரனுடைய குமாரனே தாழ்வாக நினைக்கவில்லை. தொழிலாளரின் பாதுகாவலராகிய சூசையப்பருக்கு மே மாதம் முதல் நாளைத் திருநாளாக 1955ல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் ஏற்படுத்தியதும் இதை நினைத்தே.

ஆனால் அதே ஆண்டவர் கலிலேயாக் கடற்கரைக்குப் போனபோது என்ன செய்தார்? செபெதேயுவின் மக்கள் இயாகப்பரும் அருளப்பரும் தகப்பனோடு படகில் வலைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அழைத்தார். அவர்கள் தகப்பனையும் கூலியாட்களையும் படகிலேயே விட்டுவிட்டு அவர் பின்னே போனார்கள். செபெதேயு ஒரு வார்த்தை பேசினதாகச் சுவிசேஷத்தில் இல்லை. பரம்பரை வலையை இனி யார் வீசுவார் என்று அந்த முதியவருக்கும் தோன்றியிருக்கும் அல்லவா? அவர் மக்களைத் தடுத்தார் என்று நாம் வாசிப்பதில்லை. உயிர்த்தெழுதலுக்குப் பிறகு அர்ச். இராயப்பர் மறுபடியும் மீன்பிடிக்கப் போனார். அர்ச். சின்னப்பர் அப்போஸ்தலரான பிறகும் கூடாரம் செய்யும் தொழிலால் தம் கையாலேயே ஜீவித்தார். ஆகவே வேதம் ஒருவனைத் தொழிலோடு கட்டவுமில்லை, தொழிலை இகழவுமில்லை.

எரேமியாஸ் தீர்க்கதரிசியைச் சர்வேசுரன் குயவன் வீட்டுக்கு அனுப்பிய வரலாறு உங்களுக்குத் தெரியும். சக்கரத்தில் கெட்டுப்போன கலத்தைக் குயவன் எறிந்துவிடாமல், அதே மண்ணால் வேறொரு கலமாக வனைவதைத் தீர்க்கதரிசி கண்டார். அந்த உவமையில் குயவன் யார்? சர்வேசுரன். மண் யார்? நாம் எல்லாரும், தகப்பனும் மகனும் சேர்த்துத்தான். பெற்றோராகிய நாம் அடிக்கடி மறந்துபோகிற சத்தியம் இதுவே. மகனை நாமே வனைவதாக எண்ணிக்கொள்கிறோம். "நான் வனைகிறேன், நான் சொல்லுகிற உருவமாக நீ நில்" என்கிறோம். குயவர் வீட்டில் மட்டுமா இது நடக்கிறது? டாக்டர் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் கடைக்காரர் வீட்டிலும் இதே சக்கரம் சுற்றுகிறது. பிள்ளை எஞ்சினீயர் ஆகியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற தகப்பன் குலக்கல்வியைக் குறை சொல்ல முடியாது. நாம் மண்ணைப் பதமாக்கிக் கொடுக்கலாம், கல்லைப் பொறுக்கி எடுக்கலாம். வனைகிற கை வேறொருவருடையது.

சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை வீட்டில் வாசியுங்கள். அதில் குயவன் வருகிறான். காலால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, வேலையைப் பற்றியே கவலைப்பட்டு, மெருகு சரியாக ஏற வேண்டுமே என்று மனத்தைச் செலுத்தி, சூளையைக் காத்துக் கண்விழிக்கிறான். இப்படிப்பட்டவர்கள் சபைகளில் முன்னிருக்கையில் உட்காருவதில்லை, ஆனாலும் அவர்கள் இல்லாமல் எந்த ஊரும் நிலைக்காது, அவர்கள் செய்யும் தொழிலே அவர்களுடைய செபம் என்ற கருத்தில் ஞானி பேசுகிறார்.

மூவருக்கும் கடமை

இவற்றை வைத்துப் பார்த்தால், அந்த வீட்டு வழக்குக்கு நம் பதில் என்ன?

தகப்பனுக்குச் சொல்வது இது: ஐயா, உங்கள் தொழில் சொத்து, அதைக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, திணிக்க உரிமை இல்லை. ஞானஸ்நானச் சடங்கில் குழந்தையின் நாவில் மந்திரித்த உப்பு வைக்கும் வழக்கம், 1969ல் புதிய சடங்குமுறை வரும்வரை, நம் கோவில்களில் இருந்தது. ஒரு சிட்டிகைதான் வைப்பார்கள். ஞானத்தின் சுவை தெரியட்டும் என்பதற்காக அது. அதுபோல, பிள்ளைக்குத் தொழிலின் சுவையைக் காட்டுங்கள். கையை மண்ணில் வைக்கச் சொல்லுங்கள், சூளை திறக்கும் சந்தோஷத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு மகள் இருந்தால் அவளையும் மறக்காதீர்கள். மண்ணை மிதிக்கவும் பானையைத் தலையில் சுமந்து விற்கவும் பெண் ஆகும், சக்கரத்தில் கை வைக்க மட்டும் ஆகாது என்ற வழக்கம் பல இடங்களில் இருந்தது. அதற்கு வேதத்திலும் நியாயத்திலும் இடமில்லை. மகனோ மகளோ வேண்டாம் என்றால், தொழில்மேல் ஆசையுள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். ஞானப்பிள்ளை என்ற உறவு திருச்சபைக்குப் புதிதல்லவே.

மகனுக்குச் சொல்வது இது: தம்பி, நீ போவது பாவமல்ல. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு போகாதே. உன்னைப் படிக்கவைத்த பணம் அந்தச் சூளையில் வெந்த பணம். நண்பர்கள் கேட்டால் அப்பா மண்பாண்டம் செய்கிறார் என்று தலை நிமிர்ந்து சொல். போவதற்கு முன், ஒரு விடுமுறையிலாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மண் கலக்கும் அளவையும் தீ மூட்டும் முறையையும் கேட்டு எழுதிவை. கையில் போன் இருக்கிறதே, படமாகவும் பிடித்துவை. எழுதினது எல்லாம் ஆகாதென்றாலும், நாளைக்கு உன் பிள்ளைக்கு அந்த ஆசை வரலாம்.

இங்கே சிலர் ஒரு தடை சொல்வார்கள். "பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டால் எல்லாரும் போய்விடுவார்கள், தொழிலே செத்துப்போகும், அது பரவாயில்லையா?" பரவாயில்லை என்று லேசாகச் சொல்லிவிட மாட்டோம். நூற்றாண்டுகள் சேர்த்த ஓர் அறிவு மறைவது பெரிய நஷ்டம். ஆனால் ஒரு தொழிலைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளையின் வாழ்வைப் பலியிடலாகாது. பிள்ளை தொழிலுக்காகப் படைக்கப்படவில்லை. இது ஒரு பக்கம். மறுபக்கம், இவ்வளவு பேர் ஓடுவது ஏன் என்று நாம் நம்மையே கேட்டோமா? தொழில் பிடிக்காமல் ஓடுகிறார்களா, அல்லது அந்தத் தொழிலில் வயிறும் மானமும் நிறையாததால் ஓடுகிறார்களா? பசியால் போகிறவனைச் சுதந்தரமாகப் போகிறான் என்று சொல்ல முடியாது. வேறு வழியின்றி இருக்கிறவனையும் சுதந்தரமாக இருக்கிறான் என்று சொல்ல முடியாது. இருக்கவும் போகவும் இரண்டுக்கும் வழி உள்ளவனே உண்மையில் தேர்ந்துகொள்கிறான். அந்த வழியைத் திறப்பது பெரும்பாலும் வாங்குகிறவர்களாகிய நம் கையில் இருக்கிறது.

ஆகையால் மூன்றாவது கடமை நமக்கு. 1891ல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றிய தம் நிருபத்தில் ஒரு சத்தியத்தை நிலைநாட்டினார். ஒருவன் வேறு வழியின்றி ஒப்புக்கொண்ட கூலி, ஒப்புக்கொண்டான் என்பதால் மட்டும் நியாயமான கூலி ஆகிவிடாது. இது முதலாளிகளுக்கு மட்டுமான போதனை என்று எண்ணாதீர்கள். பொங்கல் சந்தையில் மாலைவரை வெயிலில் உட்கார்ந்திருக்கும் அம்மாளிடம், விற்காவிட்டால் வண்டிக்கூலி கொடுத்துத் திரும்பக் கொண்டுபோக வேண்டுமே என்ற அவள் கவலையை அறிந்துகொண்டே, பாதி விலைக்குக் கேட்கிறோமே, அது எந்த நியாயம்? பெரிய கடையில் அச்சிட்ட விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். தரையில் கடை விரித்தவரிடம் மட்டும் நம் சாமர்த்தியத்தைக் காட்டுகிறோம். 1961ல் 23ஆம் அருளப்பர் தம் நிருபத்தில், கைவினைஞரின் சிறுதொழில்கள் காக்கப்பட வேண்டும், அவர்கள் கூட்டுறவாகச் சேர வேண்டும், புதிய முறைகளைக் கற்க அரசும் உதவ வேண்டும் என்று போதித்தார். பங்கில் படித்தவர்கள் இருக்கிறீர்கள். நலவாரியத்தில் பதிவு, மழைக்கால உதவித்தொகை, மண் எடுக்கும் அனுமதி ஆகியவற்றுக்கு மனு எழுதிக் கொடுப்பது உங்களுக்கு அரைமணி நேர வேலை. அந்தக் குடும்பத்துக்கு அது பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கடைசியாக ஒன்று. நம் வேதபாட வகுப்புப் பிள்ளைகள் வாயில் தொழிற்பெயரோ சாதிப்பெயரோ வசைச் சொல்லாக வராதபடி பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதி நம் கோவில்களுக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்திருந்த வரலாறு நமக்குத் தெரியும். ஆகையால் இதில் நாம் மற்றவர்களைவிட விழிப்பாக இருக்கக் கடமைப்பட்டவர்கள். குயவர் வீட்டுப் பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போனாலும், அவனைத் துரத்தினது நம் ஏளனம் என்று ஆகிவிடக் கூடாது. மரியாதையும் நியாயமான விலையும் கிடைத்தால், போகிறவர்கள் மனச்சமாதானத்தோடு போவார்கள். இருக்க விரும்புகிறவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள். அந்தச் சூளையை மூட்ட ஒருவரை ஆண்டவர் எழுப்புவார்.

வருகிற கோடைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புதிய தண்ணீர்ப் பானை வாங்குங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். வாங்கும்போது அதைச் செய்தவர் பெயரையும் விசாரித்து, அந்தக் குடும்பத்துக்காக அன்று இரவு செபமாலையில் ஒரு மணி சொல்லுங்கள்.

தொழிலாளரின் பாதுகாவலரான அர்ச். சூசையப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.